தைராய்டை முழுதாக எடுத்தால் பேச்சே போய்விடுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "தைராய்டு கட்டிக்குப் பாதி எடுத்தால் போதும், முழுதாக எடுத்தால் பேச்சே போய்விடும்." தவறு.

கட்டி ஒரு பக்கம் மட்டும் என்றால் பாதி போதும்தான். இரு பக்கமும் கட்டிகள் இருக்கையில் மிச்சம் வைத்தால் அது மறுபடி வளரலாம். தழும்புக்குள் இரண்டாம் முறை அறுக்கும்போதுதான் குரல் நரம்புக்கு ஆபத்து கூடுதல். தேர்ந்த கைகளில், முதல் அறுவையில் நிரந்தரக் குரல் பாதிப்பு 100 பேரில் ஓரிருவருக்கே. தைராய்டின் பின்னால் ஒட்டியிருந்து இரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் அரிசிமணி அளவு சுரப்பிகளைப் (பாராதைராய்டு) பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அறுவையில் அவை பாதிக்கப்பட்டால் கால்சியம் குறையும்: அறுவைக்குப் பின் விரல் மரத்தாலோ உதட்டைச் சுற்றிக் குறுகுறுத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முழுதாக எடுத்தால் தைராய்டு சுரக்கும் ஹார்மோனுக்கு ஈடாக ஆயுசுக்கும் தைராக்சின் மாத்திரை உண்டு. பாதி எடுத்தாலும் சிலருக்கு வேண்டியிருக்கும். என் அத்தை தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரமும் பாடுகிறார்.