பேனல் பேரைச் சொல்லுங்கய்யா!

"எல்லாமே எல்இடி தாண்ணே." மானிட்டரில் என்ன பேனல் என்று கேட்டால் சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் கடை கடையாக வருகிற பதில் இது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எல்இடி என்பது பின்னால் எரிகிற விளக்கப்பா! அதற்கு முன்னால் நின்று படம் காட்டுகிற எல்சிடி பேனல் எந்த வகை, டிஎன்னா, ஐபிஎஸ்ஸா, விஏவா என்றுதானே கேட்கிறேன்? விளக்கைப் பற்றி யார் கேட்டது?

காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் பேரமே ஆரம்பிக்கும். எட்டாயிரம் ரூபாய் எண்ணி வைத்து வாங்குகிற பொருளுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. பெட்டி முழுக்க ஸ்டிக்கர். கண்ணுக்குப் பாதுகாப்பு, மெலிந்த விளிம்பு, கேமிங் என்று என்னென்னவோ ஒட்டியிருக்கிறார்கள். பேனல் பேர் மட்டும் இருக்காது. ஐபிஎஸ்ஸாக இருந்தால் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டுமாம்.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீடு எப்படி இருக்கும் என்று இந்த ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரே ஹால். மேசையும் அதில்தான், பாயும் அதில்தான். பகலில் தம்பி அந்தக் கம்ப்யூட்டரில் பத்திரிகை, பேனர் டிசைன் செய்வான். ராத்திரி அதிலேயே படம் ஓடும், அம்மாவும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். டிஎன் பேனலைக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? முகமெல்லாம் கறுத்துவிடும். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் இருட்டு வெளிச்சமாகவும் வெளிச்சம் இருட்டாகவும் மாறித் தெரியும். மேலிருந்து பார்த்தால் வெளுத்துப்போகும். இது ரிப்பேர் இல்லை, அந்தப் பேனலின் அமைப்பே அப்படி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே முறுக்கிக்கொண்டு நிற்கும் திரவப் படிகம், மின்சாரம் பட்டதும் நிமிர்ந்து நிற்கும். அப்போது எந்தக் கோணத்தில் பார்க்கிறோமோ அதற்கேற்ப வெளிச்சம் மாறும். ஐபிஎஸ்ஸில் படிகம் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே திரும்புவதால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது.

கடையிலோ மானிட்டரைக் கண் மட்டத்துக்கு நேராக அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கே எல்லாம் நன்றாகத்தான் தெரியும். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். "என்னண்ணே, ஏதாச்சும் கீழ விழுந்துடுச்சா?" என்கிறான் கடைப்பையன்.

சரி, பெட்டியில் கோணம் போட்டிருக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதிலும் வில்லங்கம். 170, 160 என்று இருந்தால் பெரும்பாலும் டிஎன், ஓடிவிடலாம். ஆனால் ஐபிஎஸ்ஸுக்கும் 178, விஏவுக்கும் 178! இரண்டும் ஒன்றா? கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு வெளிச்சம் என்கிற கணக்கு, பத்துக்கு ஒன்று என்று சரிகிற வரைக்கும் அதைப் 'பார்க்கத்தக்க' கோணம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். நேராகப் பார்க்கும்போது விஏவில் மூவாயிரத்துக்கு ஒன்று இருக்கும். அது பத்துக்கு வந்து நின்றாலும் பாஸாம். நிறம் வெளுத்தால் அந்தக் கணக்கில் வராது. இப்படி மார்க் போட்டால் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைகூட ஃபெயிலாகாது.

விஏவைக் கெட்டது என்று சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்கு அதன் கறுப்பு ஐபிஎஸ்ஸில் கிடைக்காது. ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்றுதான், இருட்டுக் காட்சியில் மூலைகள் சாம்பலாக மினுங்கும். ஆனால் மலிவான விஏவில் இருட்டான இடம் நகர்ந்தால் பின்னாலேயே கறையாக ஒரு இழுப்பு வரும். இதை யாராவது வாய் திறந்து சொல்கிறார்களா? வளைவு மானிட்டர் என்று ஆசை காட்டுகிறார்கள். இந்த விலையில் வளைவு என்றால் அனேகமாக விஏதான்.

தம்பியின் கஷ்டம் தனி. திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி என்று ஒரு கணக்கு. அதில் 45 சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்ட பேனல்கள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் வழக்கமாகப் புழங்குகிற எஸ்ஆர்ஜிபி நிறங்களை முழுசாகக் காட்டவே அந்தக் கணக்கில் 72 சதவீதம் வேண்டும். 45 என்றால் சிவப்பே வெளிறி ஆரஞ்சுப் பக்கம் சாயும். வடசென்னையில் கட்சி பேனர் அடிக்கிறவனுக்குச் சிவப்பு எது, காவி எது என்று திரையில் தெரியவில்லை என்றால் அவன் தெருவில் நடமாட முடியுமா?

மற்ற புளுகுகளைக் கேளுங்கள். படம் மாறுகிற வேகம் ஒரு மில்லி செகண்ட் என்பார்கள். பலதில் அது பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றி எடுத்த கணக்கு, அந்த மோடைப் போட்டால் திரை மங்கும். எச்டிஆர், அதாவது வெளிச்சமும் இருட்டும் நன்றாகப் பிரிந்து தெரிகிற படம் என்பார்கள், திரை வெளிச்சமோ அதற்கான அளவில் 250 நிட். திரைகளுக்குத் தரம் வகுக்கிற வெசா அமைப்பின் எச்டிஆர் சான்றிதழில் அடிமட்டப் படியே 400. இந்த மானிட்டர் எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அதோடு சரி. ஏஎச்விஏ என்று ஒரு பேர் வேறு. விஏ என்று முடிந்தாலும் அது ஐபிஎஸ் ஜாதி. பேர் வைத்தவரை நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

இதற்கு நடுவே, "ரெண்டாயிரம் கூடப் போடுங்கண்ணே, இருபத்தேழு இஞ்ச் தர்றேன்." அதுவும் அதே 1920க்கு 1080 புள்ளிகள்தான். 24 இஞ்சில் ஒரு இஞ்சுக்குச் சுமார் 92 புள்ளி, 27இல் அதே புள்ளிகள் பரவி 82. ஞாவும் ணையும் சின்ன எழுத்தில் வந்தால் சுழியெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். நாள் முழுக்கத் தமிழ் டைப் செய்கிறவன் கண் என்ன ஆவது?

கடைசியாக ஒரு 24 இஞ்ச் ஐபிஎஸ்ஸைக் கண்டுபிடித்து, 178ஐயும் 72ஐயும் சரிபார்த்து, விலை பேசி முடித்தால் அப்புறம் வருகிறது: "பில் வேணும்னா பதினெட்டு பர்சன்ட் தனிண்ணே." பில் இல்லாமல் வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பது? திரையில் புள்ளி செத்திருந்தால் மாற்றித் தருவீர்களா என்றால், "ஒண்ணு ரெண்டு இருக்கத்தான்ணே செய்யும், கம்பெனில பேசிக்கங்க." அந்த மானிட்டரை இங்கேயே போட்டுக் காட்டு, வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் பார்த்த பிறகுதான் காசு என்றேன். சீலை உடைத்தால் எடுத்தே ஆகணும் என்றான். உன் சீலை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறிவிட்டேன்.