சிலம்பக் கம்பும் வாள்வெட்டு வாளும் ஒன்றல்ல

இலங்கையின் வடக்கில் ஒரு வாள்வெட்டுச் செய்தி வந்தால் போதும், தற்காப்புக் கலைக் கருவிகள் எல்லாவற்றையும் தடைசெய்யுங்கள் என்று பதிவுகள் வரிசையாக வருகின்றன. எழுதுபவர்களின் பயம் நியாயமானது. பிள்ளை இருட்டுமுன் வீடு வந்து சேரவேண்டுமே என்ற தவிப்பு முள்ளியவளையிலும் உண்டு, கிளிநொச்சியிலும் உண்டு. ஆனாலும் அவர்கள் கேட்கும் தடை தவறானது.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலம் 1974இல் நஞ்சாக்கு என்ற தற்காப்புக் கலைக் கருவியைத் தடைசெய்தது. இரண்டு கட்டைகளைச் சங்கிலியால் பிணைத்த பொருள். அதைச் சொந்த வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றமாக இருந்தது. ஜேம்ஸ் மலோனி என்பவர் 2003இல் வழக்குத் தொடுத்தார். அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பு 2018 டிசம்பரில்தான் வந்தது. அடுத்த ஆண்டே அரிசோனா தன் தடையைத் தானாகவே நீக்கியது. கலிபோர்னியாவின் தடையில் தற்காப்புக் கலைப் பள்ளிகளுக்கு விலக்கு இருந்தது.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு. பொது இடத்தில் கூரிய கருவியோடு நிற்பவர் அதற்குத் தக்க காரணம் காட்டவேண்டும். தொழிலுக்காகக் கொண்டுபோவது அத்தகைய காரணம். வன்னிக்குப் பொருந்துவது இந்த வழிதான். வேலி அடைக்கவும் விறகு வெட்டவும் காட்டுக்குத் தேனெடுக்கவும் போகிறவர்கள் கத்தியில்லாமல் எப்படிப் போவார்கள்? கத்தியால் ஒருவரைக் காயப்படுத்தினால் தண்டிக்க நம் தண்டனைச் சட்டக்கோவையில் 315ஆம் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. வாள்வெட்டுக்காரர்கள் சிலம்ப வகுப்பிலிருந்து ஆயுதம் எடுத்துப்போவதில்லை, கொல்லன் பட்டறையில் செய்வித்து வாங்குகிறார்கள். தேடவேண்டிய இடம் அது.

ஆசான்களிடமும் ஒன்று கேட்கிறேன். கம்பு வேறு, சாட்டைபோல் வளையும் சுருள்வாள் வேறு. சுருள்வாள் பழகியவன் உடம்பையே கிழிக்கக்கூடியது. பள்ளிப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தனுப்பாதீர்கள். வகுப்பிலேயே பூட்டி வையுங்கள், கோயில் திருவிழாவுக்கு நீங்களே கொண்டுபோங்கள், நீங்களே திருப்பிக் கொண்டுவாருங்கள். கையில் கம்போடு பஸ்ஸில் ஏறும் பிள்ளையை நடத்துநர் முறைப்பதும், வழியில் மறித்துக் கேள்வி கேட்பதும் நடக்கின்றன. பதினான்கு வயதுப் பிள்ளை அங்கே என்ன விளக்கம் சொல்லும்?

விளையாட்டுத் திணைக்களமும் பொலிஸாரும் ஆசான்களை அழைத்துப் பேசி, எந்தக் கருவியை யார் வைத்திருக்கலாம், உறையிட்டு எப்படிக் கொண்டுபோகலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கட்டும். பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் அந்தத் தாள் இருக்கட்டும்.