பயம் வேண்டும், நான் கேட்கும்போது மட்டும்

பேய்ப்படம் பார்க்கிறவர்களைப் பற்றி இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "காசு கொடுத்து யாராவது பயப்படுவார்களா?" என்பது ஒன்று. "இதையெல்லாம் ரசிக்கிறவர்களுக்கு மனசுக்குள் ஏதோ கோளாறு" என்பது இன்னொன்று. எட்டு வயதிலிருந்து பேய்க்கதைக்கு அலைகிறவள் நான். இரண்டாவது பேச்சு என்னை நிஜமாகவே புண்படுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு முதல் பேய்க்கதை சொன்னது அக்காதான். விளக்கை அணைத்துவிட்டு ஒரே போர்வைக்குள் படுத்துக்கொள்வோம். கதை சூடு பிடிக்கப் பிடிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் வெறும் மூச்சுதான் வரும், காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைக்க வேண்டும். "மாடிப்படியில யாரோ ஏறி வர்ற சத்தம்..." என்று சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திவிடுவாள். எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டுப் போகும். அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருப்பேன். "போதும்க்கா" என்றால் அடுத்த நொடி விளக்கு எரியும். இன்னும் கொஞ்சம் பயமுறுத்திப் பார்க்கலாமே என்று ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை. இரண்டு நிமிடம் போகும். "சரி, அப்புறம் என்னாச்சு?" என்று எழுந்து போய் விளக்கை அணைப்பது நானாகத்தான் இருக்கும்.

பயம் ஏன் இனிக்கிறது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த சுவிட்சுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

உடம்புக்குள் நடப்பது ஓரளவு தெரிந்த கதை. திரையில் ஒரு கதவு மெல்லத் திறக்கிறது. 'இது படம்தானே' என்று அறிவு சொல்லி முடிப்பதற்குள், மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி மணி அடித்துவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் படபடப்பு சட்டென்று அடங்காது. மிஞ்சி நிற்கும் அந்தத் துடிப்பு, பின்னால் வரும் நிம்மதியோடு சேர்ந்து அதை இன்னும் கூட்டுகிறது என்றார் டால்ஃப் சில்மன் என்ற உளவியலாளர். தியேட்டரில் வீல் என்று கத்திய கூட்டம் அடுத்த நொடியே சிரிப்பதைப் பார்க்கும்போது அவர் சொன்னது சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. கடைசிவரை நிம்மதியே தராமல் முடிகிற படங்களையும் தேடித்தேடிப் பார்க்கிறோமே!

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 110 பேரை இதயத் துடிப்பு அளக்கும் கருவியோடு ஒரு பேய்வீட்டுக்குள் அனுப்பினார்கள். வேடமிட்ட நடிகர்கள் இருட்டில் பாய்ந்து வந்து பயமுறுத்துகிற கேளிக்கை இடம் அது. 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயம் குறைந்தால் சுவாரசியம் இல்லை, எல்லை மீறினாலும் இல்லை. நடுவில் ஓர் இடத்தில்தான் மகிழ்ச்சி உச்சத்தில் இருந்தது. அக்காவுக்கு எந்தக் கருவியும் இல்லாமலே அந்த இடம் தெரிந்திருந்தது. என் பிடி இறுகுவதை வைத்தே கண்டுபிடித்திருப்பாள்.

எஸ்.எம். என்று மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிய நோயால் அமிக்டலா இரண்டு பக்கமும் சிதைந்துபோனவர். 2011இல் வெளியான ஆய்வுக்காக அவரை ஒரு பேய்வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் அலற, அவர் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். தொட்டால் எப்படி இருக்கும் என்று அறிய ஒரு பேயின் தலையில் குத்திப் பார்த்தார். பேயாக நடித்தவர்தான் திடுக்கிட்டார்! பயம் போன பிறகும் அவருக்குள் ஆர்வம் அப்படியே இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லும்போது மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, அடுத்துத்தான் அச்சத்தை வைக்கிறது. அந்த வரிசைக்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். இரண்டும் பக்கத்து வீடுகள் என்றுதான் எனக்குப் படுகிறது. விரலிடுக்கு வழியாகப் பார்க்கிறோமே, அப்போது கண்ணை மூடச் சொல்வது ஒன்று, விரலை விலக்கச் சொல்வது மற்றொன்று.

அப்பா அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த வாரத்தில் தினமும் இரவு ஒரு பேய்ப்படம் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். அப்போது எனக்கே விளக்கம் சொல்லத் தெரியவில்லை. பகல் முழுக்க இருந்த பயத்துக்கு முகம் இல்லை, எப்போது முடியும் என்றும் தெரியாது. ராத்திரிப் பயத்துக்கு முகம் இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தும் போகும். முடிந்ததும் தூக்கம் வந்தது. கொரோனாவின் ஆரம்ப மாதங்களில் பேய்ப்பட ரசிகர்களிடம் மனக்கலக்கம் ஒப்பீட்டளவில் குறைவாக இருந்ததாக 2021இல் ஓர் ஆய்வு வந்தது. படம் பார்த்ததால்தான் அப்படி என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் படித்தபோது அந்த வாரம்தான் நினைவுக்கு வந்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றை மறைக்கக் கூடாது. பல வருடங்களுக்கு முன் நண்பர்கள் கூடிப் படம் பார்த்த ஓர் இரவு. ஒருத்தி கண்ணைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேர் அவள் கைகளைப் பிடித்து இழுத்து, "பாரு, பாரு" என்று திரையைப் பார்க்க வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அழுதபடி எழுந்து போனாள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அதே படம், அதே காட்சி. எனக்கு அது விளையாட்டு, அவளுக்கு வன்முறை. முகமூடி போட்டுக் குழந்தைகளை அலறவிட்டு வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் மேல் எனக்கு வரும் கோபத்துக்கும் காரணம் இதுதான். அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை. போதும் என்று அது சொன்னாலும் விளக்குப் போட ஆள் இல்லை.

போன வாரம் அக்கா மகளோடு சிறுவர்களுக்கான பேய்ப்படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயது. ரிமோட்டை முதலிலேயே அவளிடம் கொடுத்துவிட்டேன். பூட்டிய அறையின் கைப்பிடி தானாகத் திரும்பும் இடத்தில் நிறுத்தினாள். கால் இரண்டையும் சோபாவுக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

"என்ன வரும்னு சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம் சித்தி, சொல்லாதீங்க."

கொஞ்ச நேரம் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.