கேப் டவுனுக்கு மூன்று நாள் போதுமா?
தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கடற்கரை, மலை, ஒயின் தோட்டம் எல்லாவற்றையும் மூன்றே நாளில் பார்த்துவிடலாம் என்று நான் படித்த ஒரு பயணக் கட்டுரை சொல்கிறது, காற்றைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கோடையில் தென்கிழக்குக் காற்று கிளம்பினால் 1,085 மீட்டர் உயர டேபிள் மவுண்டன் உச்சியிலிருந்து வெள்ளை வேட்டியை உதறிப் போட்ட மாதிரி மேகம் வழியும், கேபிள் கார் நின்றுவிடும். போன ஜனவரியில் நாங்கள் இரண்டு நாள் அடிவாரத்தோடு திரும்பி மூன்றாம் நாள்தான் ஏறினோம். அப்புறம் கேம்ப்ஸ் பே கடற்கரை, படத்தில் நீலமாகத்தான் இருக்கும், தண்ணீரில் கால் வைத்தால் கணுக்கால் விறைத்துவிடும், குளிக்க வேண்டுமென்றால் ஃபால்ஸ் பே வளைகுடா பக்கம் மியூசன்பர்க் கடற்கரைக்குப் போங்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், மது குடிக்காதவர்களுக்கு ஒயின் தோட்டம் வீண் என்கிறார். நானும் குடிப்பதில்லை, ஆனால் 1685-இல் தொடங்கிய குரூட் கான்ஸ்டன்ஷியா ஒயின் தோட்டத்தில் திராட்சைக் கொடி வரிசைகளுக்கு நடுவே நடந்தே ஒரு மாலை போய்விட்டது.