ஒரு பட்டனுக்கு 5,250 டாலர்

டாலஸ் பக்கம் வீடு தேடிக்கொண்டிருக்கும் நண்பர்கள் நாலைந்து பேர் இந்த மாதம் மட்டும் என்னிடம் பேசிவிட்டார்கள். வட்டி எப்போது இறங்கும், எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல், புது வீடா பழைய வீடா, இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். யாருமே கேட்காத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு: நம் ஏஜென்டின் கமிஷனில் வீடு தேடும் தளத்துக்குப் போகும் பங்கு. கொஞ்சம் நீளம். அமெரிக்காவில் வீடு வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

2025 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நானும் மனைவியும் டைனிங் டேபிளில் உட்கார்ந்து ஒரு ரியல் எஸ்டேட் தளத்தில் வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வீடு பிடித்துப்போனது. படத்துக்குப் பக்கத்தில், வீட்டை நேரில் பார்க்க நேரம் கேட்கும் பெரிய பட்டன். அழுத்தினேன். பெயரும் நம்பரும் கொடுத்த இரண்டாவது நிமிஷம் போன் அடித்தது. "உங்களை ஒரு ஏஜென்டோடு இணைக்கிறேன்" என்று ஒரு குரல். அடுத்த நொடி ஒரு அம்மா லைனில் வந்துவிட்டார்.

அவர் அந்த வீட்டை விற்பவரின் ஏஜென்ட் என்றுதான் நினைத்தேன். இல்லை. விற்பவரின் ஏஜென்ட் பெயர் அதே பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தது. பட்டன் என்னை அனுப்பியது அந்தத் தளத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்த வேறொரு ஏஜென்டிடம்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அக்கறையாகப் பார்த்தார். முதல் வீட்டு வாசலில், கார் பானெட் மேல் ஐபேடை வைத்து, பையர் அக்ரிமென்டில், அதாவது வாங்குபவர் ஏஜென்டோடு போடும் ஒப்பந்தத்தில், கையெழுத்து வாங்கினார். 2024 ஆகஸ்ட் 17-க்குப் பிறகு இது இல்லாமல் வீட்டையே காட்ட மாட்டார்கள். அதில் அவருடைய கமிஷன் 2.5 சதவீதம் என்று டைப் அடித்திருந்தது. அதற்குக் கீழேயே, கமிஷனைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது. சரி, பேசிப் பார்ப்போம் என்று "இரண்டு போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். முகம் சட்டென்று மாறியது. "என்னால் முடியாது" என்றார். காரணம் சொல்லவில்லை.

காரணம் தெரிந்தது க்ளோசிங், அதாவது கடைசிக் கையெழுத்தும் பணம் கட்டுவதும், முடிந்து சாவி கைக்கு வந்த அன்று. பார்க்கிங்கில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். என் மூலம் அவருக்கு வரும் கமிஷனில் 35 சதவீதம் அந்தத் தளத்துக்குப் போகிறது. ரெஃபரல் ஃபீ, அதாவது ஆள் அனுப்பியதற்கான கூலி. வீட்டின் விலை 6 லட்சம் டாலர். இரண்டரை சதவீதம் 15,000. அதில் 5,250 டாலர் தளத்துக்கு. மிச்சம் 9,750. அதில் அவருடைய ப்ரோக்கரேஜ், அதாவது அவர் வேலை செய்யும் கம்பெனி, 30 சதவீதம் பிடித்துக்கொண்டு, அவர் கைக்கு வருவது 6,825. அதிலிருந்துதான் வருமான வரி, பெட்ரோல், எம்எல்எஸ் (ஏஜென்டுகள் விற்பனை வீடுகளைப் பதியும் பொதுப் பட்டியல்) சந்தா எல்லாம். அவர் ஏன் இரண்டுக்கு இறங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இறங்க அவருக்கு இடமே இல்லை.

நான் பயன்படுத்திய தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். இந்தத் துறையில் ரெஃபரல் பங்கு 25-லிருந்து 40 சதவீதம் வரை போகிறது. ஒரு நிறுவனத்தின் குணமாக இதைப் பார்க்காதீர்கள். தொழிலே இப்படித்தான் நடக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வராந்தாவில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எங்களோடு பிள்ளைகளைக் கொண்டுவிடும் ஒரு அக்கா பதினைந்து வருஷமாக ரியல் எஸ்டேட் ஏஜென்ட். கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு காபி கப்புக்கு அடியில் இருந்த பேப்பர் நாப்கினை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

"நீங்க நேரா வந்திருந்தா ஒண்ணே முக்கால் சதவீதத்துக்கே செஞ்சிருப்பேன். பத்தாயிரத்து ஐந்நூறு. என் ப்ரோக்கரேஜுக்கும் முப்பது சதவீதம்தான். போக எனக்கு ஏழாயிரத்து முந்நூத்தி ஐம்பது நிக்கும். அந்தம்மாவுக்கு எவ்வளவு நின்னுச்சு?"

6,825.

அந்த நாப்கினை இன்னும் வைத்திருக்கிறேன். கமிஷன் 4,500 டாலர் குறைகிறது, ஆனாலும் ஏஜென்டுக்கு 525 டாலர் கூடக் கிடைக்கிறது. வாங்குபவருக்கும் லாபம், வேலை செய்தவருக்கும் லாபம். நடுவில் நின்று கதவைத் திறந்துவிட்ட தளத்துக்கு மட்டும்தான் நஷ்டம். என் மனதை அறுப்பது இந்தக் கணக்குதான்.

"கமிஷனை விற்பவர்தானே கொடுக்கிறார், உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். என் விஷயத்திலும் விற்பவர்தான் கொடுத்தார். ஆனால் அவர் எங்கிருந்து கொடுத்தார்? நான் கொண்டுவந்த பணத்திலிருந்து. பையர் ஏஜென்ட் கமிஷன் 4,500 குறைவு என்றால், அந்த 4,500-ஐ விலையில் குறையுங்கள் என்று ஆஃபரிலேயே கேட்டிருக்கலாம். விற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தத் தொகை கடனில் ஏறி, ஆறரை சதவீத வட்டியில் 30 வருஷம் ஓடினால் மாதம் 28 டாலர் சொச்சம். மொத்தமாகப் பார்த்தால் 10,000 டாலரைத் தாண்டுகிறது.

ரெஃபரல் ஃபீ முழுக்க நம் தலையில்தான் விழுகிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு பகுதியை ஏஜென்ட் தன் வயிற்றைக் கட்டிக் கொடுக்கிறார். நமக்கு விழும் அடி வேறு மாதிரி. பேரம் பேசும் வாசலே அடைபட்டுப் போகிறது. சில மாநிலங்களில் தடை இருந்தாலும், டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பங்கை வாங்குபவருக்கே திருப்பித் தரலாம். தளத்துக்கு 35 சதவீதம் அழுதுவிட்டு நமக்குத் திருப்பித் தர அவரிடம் என்ன இருக்கும்?

இதில் இன்னொரு வேதனை உண்டு. 2023 அக்டோபர் 31-இல் கான்சஸ் சிட்டியில் ஒரு ஜூரி, வீடு விற்றவர்கள் தொடுத்த வழக்கில், ரியல் எஸ்டேட் ஏஜென்டுகளின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கமும் பெரிய ப்ரோக்கரேஜ்களும் சேர்ந்து கமிஷனை உயர்த்தி வைத்திருந்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு சுமார் 180 கோடி டாலர். அடுத்த மார்ச்சில் சங்கம் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. நான் ஐபேடில் கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட், அந்தக் கொட்டை எழுத்து, எல்லாம் அந்தச் சமரசத்தின் பிள்ளைகள். இனி கமிஷன் இறங்கிவிடும் என்று பேப்பரெல்லாம் எழுதினார்கள். இறங்க வேண்டிய ஏஜென்டின் கையைத்தான் இன்னொரு பக்கம் கட்டி வைத்திருக்கிறார்களே, எப்படி இறங்கும்?

சட்டத்துக்கு வருகிறேன். 1974-இல் வந்த ரெஸ்பா (RESPA) என்ற ஃபெடரல் சட்டத்தின் எட்டாவது பிரிவு, வீட்டுக் கடன் தொடர்பான சேவைகளில் ஆள் அனுப்பியதற்காகப் பணம் வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறை. கடன் கொடுக்கும் கம்பெனி ஒரு ஏஜென்டுக்கு, வாடிக்கையாளரை அனுப்பியதற்காக நூறு டாலர் கிஃப்ட் கார்டு கொடுத்தால்கூடச் சிக்கல். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு ரியல் எஸ்டேட் ப்ரோக்கர் இன்னொரு ப்ரோக்கருக்கு ரெஃபரல் ஃபீ தரலாம். அதனால் இப்படிப் பங்கு வாங்கும் தளங்கள் ப்ரோக்கர் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கின்றன. வீடு காட்டாத, ஆஃபர் எழுதாத, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வராத ப்ரோக்கர்!

அந்த விலக்கு நியாயமாகத்தான் பிறந்திருக்கும். ஹூஸ்டனில் இருக்கும் ஏஜென்ட், தன் பழைய வாடிக்கையாளர் டாலஸுக்கு மாறும்போது, தனக்குத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைப்பார். அதற்குக் கால் பங்கு வாங்குவது பழைய வழக்கம். அங்கே அனுப்பியவருக்கு இரண்டு பேரையும் தெரியும், பிசகினால் கெட்டுப்போவது அவர் பெயர். என்னை அனுப்பிய பட்டனுக்கு என்னைத் தெரியாது. அந்த அம்மா போனை எத்தனை நொடியில் எடுக்கிறார், எத்தனை பேரை க்ளோசிங் வரை கொண்டுபோகிறார் என்ற எண்கள்தான் அதற்குத் தெரியும்.

தளங்கள் சும்மா இருக்கின்றன என்றும் சொல்ல மாட்டேன். வரைபடம், படங்கள், சொத்து வரி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. அதற்குச் செலவு ஆகத்தான் செய்யும். நாப்கினில் கணக்குப் போட்ட அந்த அக்காவும் தளங்கள் தரும் லீடுகளை, அதாவது வாடிக்கையாளர் தொடர்புகளை, வாங்குகிறவர்தான். "வேண்டாம்னு சொல்லிட்டா அடுத்த ஏஜென்டுக்குப் போயிடும் தம்பி, எனக்கும் வீட்டுக் கடன் இருக்கு" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. தளம் சம்பாதிக்கட்டும். நான் கொடுக்கிறேன் என்பதை என்னிடம் சொல்லிவிட்டுச் சம்பாதிக்கட்டும்.

2025 செப்டம்பரில் சியாட்டில் ஃபெடரல் கோர்ட்டில் ஸில்லோ என்ற வீடு தேடும் தளத்தின் மீது வாங்குபவர்கள் சார்பில் ஒரு கூட்டு வழக்குப் போட்டார்கள். ஏஜென்டின் கமிஷனில் 40 சதவீதம் வரை நிறுவனத்துக்குப் போவது வாங்குபவரிடமிருந்து மறைக்கப்படுகிறது என்பது அதில் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை. ஆனால் அதைப் படித்தபோது கடன் செலவையெல்லாம் வரி வரியாகக் காட்டும் என் க்ளோசிங் டிஸ்க்ளோஷரை எடுத்து மறுபடி பார்த்தேன். ஐந்து பக்கம். 2015 அக்டோபரிலிருந்து பெரும்பாலான வீட்டுக் கடன்களுக்கு இந்தப் படிவம்தான், கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்பே கையில் கிடைக்க வேண்டும். கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு ஒரு வரி. வெள்ள அபாயச் சான்றுக்கு ஒரு வரி. பத்திரப் பதிவுக்கு ஒரு வரி. 5,250 டாலருக்கு ஒரு வரியும் இல்லை. ப்ரோக்கரேஜுக்கு 15,000 என்று இருந்தது, அவ்வளவுதான்.

அக்ரிமென்டின் முதல் பக்கத்தில், கமிஷன் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே, "இதில் இவ்வளவு இன்னாருக்குப் போகிறது" என்று ஒரு வரி கட்டாயமாக வேண்டும். எந்த மாநிலமும் நாளைக்கே செய்யக்கூடிய வேலை இது.

அதுவரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தளத்தில் படம் பாருங்கள், விலை பாருங்கள். பட்டனை அழுத்தாதீர்கள், நம்பரைக் கொடுக்காதீர்கள். ஒரு தடவை லீடாகப் பதிவாகிவிட்டால், வேறு வீட்டை மாதக்கணக்கில் கழித்து வாங்கினாலும் அந்த ஏஜென்ட் பொதுவாகப் பங்கு கொடுத்தாக வேண்டும். தெரிந்தவர்களிடம் விசாரித்து, இரண்டு மூன்று ஏஜென்டுகளிடம் நேரே பேசுங்கள். விற்பவரின் ஏஜென்டிடமே போய் வாங்கினால் மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் விற்பவருக்கு வேலை செய்பவர். கையெழுத்துக்கு முன்னால் "என் மூலம் வரும் கமிஷனில் யாருக்காவது பங்கு போகிறதா, எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். நம் பணம்.

என் மச்சான் இப்போது டாலஸுக்குப் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் வீடு தேட ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் அந்த அக்காவிடம் நேரே அனுப்பினேன். அக்ரிமென்டில் 1.75 என்று போட்டு, அதற்குக் கீழே, இந்தக் கமிஷனில் எந்தத் தளத்துக்கும் பங்கு இல்லை என்று தன் கையாலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் அக்கா. நாளைக் காலை பத்து மணிக்கு முதல் வீடு பார்க்கப் போகிறார்கள்.