காலிங் பெல்லுக்கு ஒயரை இப்போதே இழுத்துவிடுங்கள்

கைரேகையாலோ எண்ணாலோ திறக்கும் சாவியில்லாப் பூட்டையும் வீடியோ காலிங் பெல்லையும் புது வீட்டில் குடியேறிய பிறகு நிதானமாக வாங்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பூட்டுக்குச் சரி, பெல்லை அப்படி விடக்கூடாது. சுவர் பூசும் முன்பே வாசலுக்கு ஒயர் இழுத்துவிட்டால், பேட்டரியைக் கழற்றிக் கழற்றி சார்ஜ் போடும் தொல்லை இல்லை. ஒயரில் ஓடும் மாடல்கள் பலவற்றுக்கு 16 முதல் 24 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரம் வேண்டும். அதற்கேற்ற டிரான்ஸ்பார்மரை எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாசல்வரை வைஃபை எட்டுகிறதா என்றும் கதவைச் சாத்திவைத்துப் பாருங்கள்.

பூட்டில் கைரேகையை மட்டும் நம்பவே வேண்டாம். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், ஈரக்கை என்றாலும் தகராறுதான். என் அம்மா விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார், கடைசியில் ரகசிய எண்ணை அழுத்தித்தான் உள்ளே வருவார். அதனால் எண் பலகை கட்டாயம். அவசரத்துக்குச் சாவித்துளையும் இருந்தால் நிம்மதி. துளை இல்லாத மாடல்கள் பலவற்றில் அடிப்பக்கம் சின்னதாக இரண்டு உலோக முனைகள் இருக்கும். உள்ளே பேட்டரி தீர்ந்துபோனால், 9 வோல்ட் பேட்டரியை வெளியிலிருந்து அதில் ஒட்டிப் பிடித்து எண்ணை அழுத்தலாம். இதைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

மரக்கதவு ஈரத்தில் உப்பினால் மோட்டார் தாழ்ப்பாள் சிக்கும், கதவு நிலைச்சட்டத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பூட்டை மாட்டுங்கள். அப்புறம், கேமரா எதிர்வீட்டு வாசலைப் பார்க்காதபடி திருப்பி வையுங்கள்.