ஸ்டாம்பு சைஸ் படத்துக்கு 45 ஆயிரமா?

இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்று இங்கே இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு கேமுக்கு முகப்புப் படம் வரைய நான் அனுப்பிய கொட்டேஷனைக் கேம் டெவலப்பர் குரூப்பில் போட்டு, "ஒரு ஸ்டாம்பு சைஸ் படத்துக்கு 45 ஆயிரமாம், பார்த்துக்கோங்க" என்று எழுதியிருக்கிறார் ஒருவர். பெயரை மறைத்துவிட்டாராம். மேலே என் லோகோ முழுசாகத் தெரிகிறது. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

சரி, சிரித்து முடித்தாயிற்று என்றால் அந்த ஸ்டாம்பைப் பற்றிப் பேசலாம்.

கம்ப்யூட்டர் கேம்களை ஆன்லைனில் விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு கேமின் முகப்புப் படத்தைக் கேப்ஸ்யூல் என்கிறோம். அது ஒரு படம் இல்லை. பிக்ஸல் கணக்கில், கேமின் பக்கத்து உச்சியில் நிற்கிற ஹெடருக்கு 920×430, கடையின் முதல் பக்கத்துக்கு 1232×706, செங்குத்தாக நிற்கிற ஒன்றுக்கு 748×896, வாங்கியவரின் லைப்ரரிக்கு 600×900. அப்புறம் 3840×1240 என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒன்று. அதில் எழுத்தே இருக்கக் கூடாது, லோகோவைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரே படத்தை வெட்டி எல்லாவற்றிலும் ஒட்ட முடியாது. படுக்கையாக இருக்கும்போது வலது ஓரத்தில் நின்ற கதாநாயகி, செங்குத்துப் படத்தில் எங்கே போவாள்? ஆளைத் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில், பின்னணியைத் தனி லேயரில் வரைந்து, பின்னணியை நான்கு பக்கமும் கூடுதலாக நீட்டி வைத்து, ஒவ்வொரு அளவுக்கும் மறுபடி அடுக்க வேண்டும். "ஒரு படம்" என்று அவர் சொன்னது இதைத்தான்.

அந்த ஸ்டாம்பு எது தெரியுமா? 462×174 என்று ஒரு சின்னது கேட்பார்கள். அதை ஸ்டீமே சுருக்கி, சில பட்டியல்களில் 120×45 ஆகக் காட்டும். பல பேர் உங்கள் கேமை முதன்முதலில் பார்ப்பது இந்த மாதிரிக் குட்டிப் படத்தில்தான். உங்கள் டிரெய்லர், கதை, மூன்று வருட உழைப்பு எல்லாம் அந்த ஸ்டாம்பை யாராவது அழுத்தினால்தான் கண்ணில் படும். அழுத்தவில்லை என்றால் கடையில் நீங்கள் இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: படம் சின்னது என்பதால் வேலை சின்னது ஆகிவிடாது. சின்னது என்பதால்தான் வேலையே.

போன வருடம் ஒரு டீம் வந்தது. நல்ல பையன்கள், நல்ல கேம். கேப்ஸ்யூலில் ஏழு வீரர்களும் வர வேண்டும், பின்னால் அசுரன் பெரிதாக, கீழே கோட்டை, மூலையில் அவர்கள் வாங்கிய விருதின் முத்திரை. முத்திரை போட முடியாது என்றேன். 2022 செப்டம்பர் 1 முதல் கேப்ஸ்யூலில் கேமின் பெயர் தவிர விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி என்று எதையும் எழுதக் கூடாது என்பது ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனியின் விதி. முகம் சுருங்கிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே ரஃப்பாகப் போட்டு, 120×45க்குச் சுருக்கி, வேறு கேம்களின் படங்களுக்கு நடுவே செருகி, டீம் லீடின் போனிலேயே காட்டினேன். "உங்க கேம் எங்கே இருக்கு, சொல்லுங்க தம்பி" என்றேன். தன் கேமைத் தாண்டிப் போய்விட்டார்! திரும்பி வந்து தேடித்தான் கண்டுபிடித்தார். ஏழு வீரர்களும் ஏழு தூசியாக இருந்தார்கள்.

கடைசியில் ஒரே ஒரு வீராங்கனை, கையில் தீப்பந்தம், படத்தில் பாதி இடத்துக்கு மேல் லோகோ. அவ்வளவுதான். அதன் பிறகு விஷ்லிஸ்ட், அதாவது அப்புறம் வாங்கலாம் என்று குறித்து வைக்கிறவர்கள், கூடியது என்று சொன்னார்கள். அதே வாரம் புது டிரெய்லரும் விட்டிருந்தார்கள், அதனால் முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று, ஸ்டீம் கடையின் பின்னணியே கருநீலம். அதன் மேல் கருநீல இரவுக் காட்சியை வைத்தால் படம் எங்கே முடிகிறது, கடை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. ஹாலோ நைட் கேமின் படமும் இருட்டுதானே என்பீர்கள். அந்த இருட்டில் கொம்பு வைத்த வெள்ளை முகமூடி எப்படிப் பளிச்சென்று நிற்கிறது, பாருங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் நிற்கும். பலாட்ரோ கேமின் படத்தில் சுழலும் சிவப்பும் நீலமும், எழுத்துகளுக்கு நடுவே ஒரு சீட்டும். இது சீட்டுக்கட்டு கேம், ஏதோ கிறுக்குத்தனம் இருக்கிறது என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். யாருக்கான கேம் என்பதை அந்த ஒரு நொடியில் சொல்ல வேண்டும். அழகாக வரைவது அதற்கு அப்புறம்தான்.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

"ஸ்டார்ட்யூ வேலி கேமின் படம் வெறும் பெயர்ப்பலகைதானே, ஜெயிக்கவில்லையா?" ஐயா, அந்த மர எழுத்தையும் நீல வானத்தையும் பார்த்த உடனே வயல், கிராமம், நிம்மதி என்று தோன்றுகிறதே, அது தானாக நடந்ததா? எழுத்தும் வரைவதுதான்.

"நல்ல கேம் தானாக ஓடும், அமாங் அஸ் ஓடவில்லையா?" ஓடியது. 2018இல் வந்தது, 2020இல் ஸ்ட்ரீமர்கள் கையில் எடுத்த பிறகு ஓடியது. நடுவில் ஊரடங்கும் வந்தது. உங்கள் மார்க்கெட்டிங் திட்டம் அதுதான் என்றால் வாழ்த்துகள்.

"கேம் உள்ளே பிக்ஸலாக இருக்கிறது, வெளியே ஓவியம் போட்டால் ஏமாற்று வேலை இல்லையா?" இது நியாயமான கேள்வி, இதற்கு மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன். 1977இலேயே அட்டாரி வீடியோ கேம் டப்பாக்களில் ஓவியர் கிளிஃப் ஸ்போன் டாங்கிகளையும் விமானங்களையும் பெயின்டிங்காகப் போட்டார். உள்ளே இருந்தது கட்டம் கட்டமான புள்ளிகள். வாம்பயர் சர்வைவர்ஸ் கேமின் அட்டைக்கும் உள்ளே ஓடும் பிக்ஸலுக்கும் அதே தூரம். யாரும் கோபப்படவில்லை, ஏனென்றால் அட்டை சொன்ன உணர்ச்சி உள்ளே கிடைத்தது. உணர்ச்சியிலேயே பொய் சொன்னால்தான் வம்பு. சாந்தமான சமையல் கேமுக்குப் பேய்ப்பட அட்டை போட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

"ஏஐயில் ஐந்து நிமிஷம்." போடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்படுத்தியதை ஸ்டீமில் தெரிவிக்க வேண்டும், ஸ்டோர் பேஜில் அது எல்லோர் கண்ணிலும் படும். அப்புறம் லேயர் பிரித்துத் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள். ஏற்கெனவே வந்திருக்கிறார்கள்.

"சொந்தமாக வரைந்தால் என்ன?" தாராளமாக. ஐகோ என்ற கேமின் ஜப்பான் அட்டையை அதன் டைரக்டர் ஃபுமிடோ உவேடாவே வரைந்தார், இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவுக்கு வேறு அட்டை போட்டார்கள், அதை இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். வரையத் தெரிந்தவர் வரையட்டும், எனக்கு என்ன வருத்தம்.

வருத்தம் வேறு இடத்தில். விற்பனையில் 30 சதவீதத்தை வால்வுக்கு முணுமுணுக்காமல் கொடுக்கிறீர்கள். கேம் பதிய 100 டாலர், அதற்கும் சத்தமில்லை. இசைக்காரரிடம் "ஒரு நிமிஷப் பாட்டுக்கு இவ்வளவா" என்று கேட்க நாக்கு கூசுகிறது. படம் வரைகிறவரிடம் மட்டும் சென்டிமீட்டர் கணக்கு. ஸ்க்ரீன்ஷாட் போட்ட இதே ஆள், வரப்போகும் கேம்களின் டெமோக்களை ஸ்டீம் காட்டும் விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டுக்கு முந்தின வாரம் இரவு பதினொன்றுக்கு எனக்குப் போன் செய்து, "அக்கா, ஒரு கேம் ஒரே ஒரு தடவைதான் கலந்துக்க முடியும், எப்படியாவது காப்பாத்துங்க" என்று கெஞ்சினார். அப்போது அது ஸ்டாம்பு இல்லை, கேமின் தலையெழுத்து. அவசரக் கூலி கேட்காமல் ஹெடரைத் திருத்திக் கொடுத்தேன். கிரெடிட்ஸில் பெயர் போடுகிறேன் என்றார். வெளியே வந்த கேமில் டீ வாங்கிக் கொடுத்த நண்பரின் பெயர் வரைக்கும் இருந்தது, என் பெயர் இல்லை. கேட்டேன். "அடுத்த அப்டேட்டில்" என்றார். எத்தனையோ அப்டேட் வந்துவிட்டது.

அந்த மனிதருக்குத்தான் இப்போது 45 ஆயிரம் அதிகமாகத் தெரிகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி பதில் போட்டிருக்கலாமே! விலை படியவில்லை என்பது எனக்குப் புதுசா என்ன? அதைக் கொண்டுபோய் ஊர் நடுவே போட்டுச் சிரிக்க என்ன இருந்தது?

இனிமேல் பாதிப் பணம் முன்பணம். ரஃப் மூன்று, திருத்தம் இரண்டு, மேலே போனால் தனிக் கணக்கு. கிரெடிட்ஸில் பெயர் வரும் என்று எழுத்தில் தந்தால்தான் லேயர் ஃபைல். இதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள், லோகோவை மறைக்க வேண்டாம். அக்டோபர் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டுக்கு வேலை இருக்கிறது, கமெண்டுக்குப் பதில் எதிர்பார்க்காதீர்கள்.